பதினைந்து மங்கள வார்த்தை

என் வீட்டுக்காரருக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது என்று எனக்கு முதலில் சொன்னது டாக்டர் இல்லை. போட்டோ ஸ்டுடியோவில் படம் கழுவ வைத்திருப்பார்களே, ஹைப்போ உப்பு, அதுதான் சொன்னது. அவராகச் சொல்லவில்லை. ஒரு வருஷமாக வாயைத் திறக்காமல் தினமும் ஹார்பரில் கிரேன் ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். கிரேன் ஓட்டுகிறவருக்குக் கண் போனால் அவர் வேலை மட்டும் போகாது, கொக்கிக்குக் கீழே நிற்கிறவன் உயிரும் போகும். அது தெரிந்தும் மறைத்தாரே என்று இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வரும். கோபம் வந்த கையோடு அழுகையும் வரும்.

அப்போது நாங்கள் ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் நாலு குடித்தனம் இருந்த வீட்டில் ஒரு பகுதியில் குடியிருந்தோம். எழுபதுகளின் தொடக்கம். நான் திருவொற்றியூரில் ஒரு பெண்கள் பள்ளியில் சயின்ஸ் டீச்சர். நிரந்தர வேலை இல்லை, பிரசவ லீவில் போன ஒருத்தர் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது, பாடம் நன்றாக நடத்தினால் உன்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிப் பார்க்கிறேன் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். நானும் வீறாப்பாக, யாரும் தொடாத பாடமாக எடுக்கிறேன் என்று வினைவேகத்தை எடுத்துக்கொண்டேன். வினைபடு பொருளின் செறிவு கூடினால் வினையின் வேகம் கூடும். புத்தகத்தில் ஒரே வரி. அதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

சோதனை ரொம்ப எளிது. வெள்ளைத் தாளில் ஒரு குறி போட்டு அதன் மேல் கண்ணாடிக் குடுவையை வைக்க வேண்டும். குடுவையில் ஹைப்போக் கரைசல். அதில் கொஞ்சம் அமிலம் ஊற்றினால் கந்தகம் பொடிப்பொடியாகப் பிரிந்து, தண்ணீர் கலங்கி, பால் மாதிரி ஆகும். மேலே இருந்து குனிந்து பார்த்தால் அடியில் உள்ள குறி மங்கி மங்கி மறைந்துபோகும். மறைய எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த குடுவையில் ஹைப்போவைக் குறைத்து அந்த அளவுக்குத் தண்ணீர் சேர்க்க வேண்டும். அமிலம் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. இப்படி ஐந்து குடுவை. ஹைப்போ குறையக் குறைய மறைவதற்கு நேரம் கூடும். பாதியானால் நேரம் இரண்டு மடங்கு, ஐந்தில் ஒரு பங்கானால் ஐந்து மடங்கு.

பள்ளியில் ஒரே ஒரு ஸ்டாப் வாட்ச்தான். அது விளையாட்டு டீச்சரின் பீரோவைவிட்டு வெளியே வராது. அதனால் வீட்டிலேயே ஒத்திகை பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும், பின்கட்டில் துணி துவைக்கிற கல்லின் மேல் கடை பரப்பினேன். ஹைப்போ பக்கத்து ஸ்டுடியோவில் கிடைத்தது. அமிலம் பள்ளியிலிருந்து சின்ன சீசாவில் வந்தது.

“ஒரு சிலுவை போட்டுக் குடுங்க” என்று அவரிடம் தாளைக் கொடுத்துவிட்டு நான் அளந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், நீளக் கால், குட்டைக் கை, அடியில் இரண்டு படி வைத்த பீடத்தோடு பீடச் சிலுவையே வரைந்து வைத்திருந்தார். கறுப்பு மையில், அழுத்தி.

“இன்னாங்க இது. நான் கேட்டது பெருக்கல் குறி.”

“சிலுவைன்னு தானே சொன்ன. ராயபுரத்துல வந்து சிலுவைன்னா வேற இன்னாத்த போடுவாங்க.”

சரி, அதுவே இருக்கட்டும் என்றேன். அடுத்து வாட்ச். கல்யாணத்துக்கு என் அப்பா போட்ட வாட்ச் அவர் கையில் இருந்தது. நான் சிலுவையைப் பார்க்கிறேன், நீங்கள் நொடி முள்ளைப் பாருங்கள் என்றேன். அவர் வாட்சைப் பார்க்கவே இல்லை.

“வாச்சு எதுக்குமே. நான் மங்கள வார்த்த சொல்லிகினே வரேன். எத்தினி ஆச்சுன்னு எண்ணிக்கோ.”

மங்கள வார்த்தை எங்கள் மாதா ஜெபம். ஜெபமாலையில் மணிக்கு ஒன்றாகச் சொல்லுவது. அவர் வீட்டில் பிறந்ததிலிருந்து சாயங்காலம் தவறாமல் சொல்லி வளர்ந்தவர்கள். எனக்கு நம்பிக்கையில்லை. வாட்சைக் கழற்றி வாங்கி, பத்து ஜெபம் சொல்லச் சொல்லிச் சோதித்தேன். ஒவ்வொன்றும் பன்னிரண்டு நொடி. பிசகே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, அவர் அப்படிச் சொன்ன அழகைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆசையும் வந்தது. அவர் ஏன் வாட்சை வேண்டாம் என்றார் என்று கேட்கத் தோன்றவில்லை. சயின்ஸ் டீச்சர் என்று பேர்.

முதல் குடுவை, தண்ணீர் கலக்காதது. அமிலத்தை ஊற்றினேன். மூன்றாவது மங்கள வார்த்தை முடியும்போது சிலுவை போய்விட்டது. அவருக்கே ஆச்சரியம். ஏன் இப்படி என்று கேட்டார். ஹைப்போ நெருக்கமாக இருந்தால் அமிலத்தோடு அடிக்கடி மோதும், மோத மோத வேகம் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

“ஷிஃப்டு வுடுற நேரத்துல ஹார்பர் கேட்டாண்ட இடிச்சுக்கறாங்களே, அந்த மாதிரி. மத்தியானத்துல ஆளுங்க கம்மி, ஒருத்தன் மேல ஒருத்தன் இடிக்கிறதுக்கு நேரமாவும்.”

இதை அப்படியே வகுப்பில் சொல்லலாம் என்று குறித்துக்கொண்டேன். இரண்டாவது குடுவை மூன்றே முக்கால். மூன்றாவது ஐந்து. பக்கத்துக் குடித்தனத்து அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்து, இன்னிக்கு ஞாயித்துக்கிழமைகூட ஃபேக்டரிக்காரன் வாடைய வுடுறான் பாரு என்று திட்டிவிட்டுப் போனார். அந்தக் கந்தக வாடை எங்கள் துவைக்கிற கல்லிலிருந்துதான் வந்தது. 

நாலாவதும் ஐந்தாவதும் தண்ணீர் அதிகம் கலந்தவை, நேரமாகும். உள்ளே அடுப்பில் சங்கரா மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சிலுவையையும் நீங்களே பாருங்கள், ஜெபத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள், உள்ளேயிருந்து எண்ணிக்கொள்கிறேன் என்று போய்விட்டேன். நாலாவதில், ஆறு முடிவதற்குள் “போயிடுச்சு” என்று குரல் வந்தது. ஐந்தாவதில் பதினொன்றில் “போயிடுச்சு”.

கணக்குப்படி நாலாவது ஏழரை வந்திருக்க வேண்டும். ஐந்தாவது பதினைந்து. ஒன்றை நேரத்தால் வகுத்து வேகமாக மாற்றி, செறிவுக்கு எதிரே கிராஃப் தாளில் போட்டுப் பார்த்தேன். முதல் மூன்று புள்ளிகள் நேராக நின்றன. கடைசி இரண்டும் விலகி எங்கேயோ போய் உட்கார்ந்திருந்தன. எனக்குக் கோபம் சட்டென்று வரும். மாதாவுக்குச் சொல்லுகிற ஜெபத்தைக் கொட்டாவி விட்டுக்கொண்டு இழுத்து இழுத்துச் சொன்னால் எண்ணிக்கை எப்படிச் சரியாக வரும் என்று அவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. “இழுக்கலமே, சத்தியமா” என்றார். அப்புறம் பழியைத் தண்ணீர் மேல் போட்டேன். எங்கள் அடி பம்பில் வருவது வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர்.

அடுத்த ஞாயிறு பேட்டரிக் கடையிலிருந்து காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கி வந்தேன். அன்றைக்கும் அதே மாதிரி அடுப்பு வேலை, கடைசி இரண்டையும் அவர் பார்த்தார். அதே ஆறு. அதே பதினொன்று. புதன்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்து, ஐந்தையும் நானே பார்க்கிறேன், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினால் போதும் என்று உட்கார்ந்தேன். மூன்று, மூன்றே முக்கால், ஐந்து, ஏழரை, பதினைந்து. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் ஐந்து புள்ளியும் கோட்டில்.

தண்ணீர் மேல் குற்றமில்லை. ஜெபத்தின் மேலும் குற்றமில்லை.

ஐந்தாவது குடுவையை இன்னொரு முறை கலந்தேன். இரண்டு பேரும் சேர்ந்தே பார்ப்போம் என்றேன். தலையோடு தலை இடிக்கக் குனிந்துகொண்டோம். அவர் சொல்லிக்கொண்டே வந்தார். பதினொன்று முடிந்ததும் நிமிர்ந்து “போயிடுச்சு” என்றார். எனக்குச் சிலுவை தெரிந்துகொண்டிருந்தது. கால் தெரிந்தது, கை தெரிந்தது, அவர் வரைந்த பீடத்தின் இரண்டு படியும் தெரிந்தது.

குடுவையைக் கழுவி வைத்துவிட்டுச் சோறு போட்டேன். கொஞ்ச நாளாக அவர் மீனைத் தட்டில் என் பக்கம் தள்ளிவிடுவார், நான் முள் எடுத்துக் கொடுத்தால்தான் சாப்பிடுவார். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துச் செல்லம் கொஞ்சுகிறார் என்று நான் உள்ளுக்குள் பூரித்துப்போயிருந்தேன். அன்றைக்கும் தட்டைத் தள்ளினார். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். பேப்பரைத் தலைப்பு மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பது, தெருவில் எதிரே வருகிறவர்கள் கூப்பிட்ட பிறகே சிரிப்பது, வாட்சில் நேரம் கேட்டால் “சங்கு ஊதட்டும், தெரியும்” என்பது, எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

“எத்தன நாளா தெரியல உங்களுக்கு” என்று கேட்டேன்.

அவர் எது என்று கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். ஒரு வருஷமாகப் புகை போட்ட மாதிரி இருக்கிறதாம். ஹார்பரில் வருஷத்துக்கு ஒரு முறை கண் பார்ப்பார்கள், அந்தப் பலகையில் உள்ள எழுத்துகளைப் பத்து வருஷப் பழக்கத்தில் மனப்பாடமாகச் சொல்லிவிட்டாராம். கீழே கை காட்டுகிற சிக்னல்காரர் அவருடைய சினேகிதர். அவரிடம் மட்டும் சொல்லியிருந்தாராம். அந்த மனுஷர் அதற்காகவே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கையை அகல அகல வீசிக் காட்டுவாராம்.

“என் தோஸ்து கை எனக்கு நல்லா தெரியுது. அது போதும்.”

“கீழ நிக்கிறவங்க எல்லாரும் வெள்ளச் சட்டையா போட்டுகினு வராங்க?”

“கிரேன வுட்டா எனக்கு இன்னாமே தெரியும்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. அவ்வளவு உயரத்தில் காற்றில் உட்கார்ந்து ஒரு மூட்டைகூட உரசாமல் கப்பலிலிருந்து இறக்குவதில் அவருக்கு இருந்த பெருமை எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் கடற்கரை ரோட்டிலிருந்து கையை நீட்டி, அதோ அந்த மூணாவதுதான் என்னுது என்று காட்டியவர். அப்புறம், “உன் இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும், நானே போய் கண்ண காட்டிக்கிறேன்” என்றார். மறுநாள் காலையில் அவருக்கு முதல் ஷிஃப்ட்.

எனக்குப் பேசத் தெரியவில்லை. பேசினால் சண்டையாகத்தான் முடியும். எழுந்து போய், வெயில் இறங்குவதற்குள், துவைக்கிற கல்லில் மறுபடியும் ஐந்தாவது குடுவையை வைத்தேன். அவரைக் கூப்பிட்டேன்.

“உங்களுக்கு மறஞ்சதும் சொல்லுங்க. ஆனா ஜெபத்த நிறுத்தக் கூடாது. எனக்கு மறையுற வரைக்கும் சொல்லிகினே இருக்கணும்.”

ஊற்றினேன். பதினொன்றில் “போயிடுச்சு” என்றார். நிறுத்தாமல் பன்னிரண்டாவதைத் தொடங்கினார். நான் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்று. அவர் குரல் மெலிந்தது. பதினாலு. பதினைந்தாவது முடியும்போது நான் “இப்பதான் போச்சு” என்றேன்.

“நடுவுல நாலு மங்கள வார்த்த. அந்த நேரம் பூரா அது அங்கதான் இருந்தது, உங்களுக்குத்தான் தெரியல. நாளைக்கு அந்த நேரத்துல கொக்கிக்குக் கீழ ஒரு ஆளு நின்னா?”

அவர் கலங்கிய குடுவையை எடுத்து, முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று ராத்திரி ஜெபமாலை சொல்லும்போது நாலாவது மணியில் இரண்டு முறை நின்றுவிட்டார். இவ்வளவு கடுமையாகக் கேட்டிருக்க வேண்டாமோ என்று எனக்கு மனசே ஆறவில்லை.

காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் பள்ளியில் என்ன நடத்தினேன் என்று எனக்கே தெரியாது. சாயங்காலம் ஓட்டமாக வீட்டுக்கு வந்தால், அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கையில் ஹார்பர் ஆஸ்பத்திரிச் சீட்டு.

“ஏணியில கை வெச்சேன். நீ சொன்ன மாதிரியே நாலு மங்கள வார்த்த சொல்லிப் பாத்தேன். அம்மாடி, அது எம்மா நேரம் தெரியுமா. எறங்கி டாக்டராண்ட போயிட்டேன்.”

வாசல் என்றும் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்துக் குடித்தனத்து அக்கா பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டு கண்ணிலும் புரை. நாற்பது வயசுகூட ஆகவில்லை, சிலருக்கு இப்படி வருவது உண்டு என்றார்கள். அந்தக் காலத்தில் புரை முற்றினால்தான் கத்தி வைப்பார்கள். முற்றட்டும், வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஹார்பரில் அவரைக் கீழே கொட்டகையில் சரக்கு அடுக்குகிற இடத்துக்கு மாற்றினார்கள். என் இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடியாக முடிந்தது. ஹார்பர் கேட்டைச் சொன்னதும் பிள்ளைகள் சிரித்தார்கள், பாதிப் பேர் வீட்டில் அப்பாக்கள் அந்தக் கேட்டில் இடிபடுகிறவர்கள்தானே. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அம்மா, ஸ்டாப் வாட்ச்தான் இருக்கிறதே, வாயில் என்ன முணுமுணுக்கிறீர்கள் என்று கேட்டார். பழக்கதோஷம் என்றேன். லீவில் போனவர் திரும்பி வரவில்லை. அந்த வேலையில்தான் நான் ஓய்வு பெறும்வரை இருந்தேன்.

காத்திருந்த அந்த ஒன்றரை வருஷம்தான் பொல்லாதது. மாதம் ஒரு முறை அவரே குடுவையை எடுத்து வரச் சொல்லுவார். பதினொன்று ஒன்பதானது. ஒன்பது ஏழானது. ஒரு நாள் குனிந்தபடியே கேட்டார்.

“என் கண்ணுல கீறது எத்தினியாவது குடுவமே? மொதலாவதா, அஞ்சாவதா?”

எனக்கு எப்படித் தெரியும். அவர் கண்ணுக்குள் என்ன, எவ்வளவு செறிவில் கலங்கிக்கொண்டிருக்கிறது என்று எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. “அஞ்சாவது. ரொம்பத் தண்ணி கலந்தது” என்று பொய் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தால், அது பொய்யில்லை என்று தோன்றியது. முதல் குடுவை மாதிரி மூன்று ஜெபத்தில் கலங்கியிருந்தால் அன்றைக்கே அலறிக்கொண்டு ஓடியிருப்போம். மெதுவாகக் கலங்கியதால்தான் பக்கத்திலேயே படுத்திருந்த எனக்குத் தெரியாமல் போனது. செறிவையும் வேகத்தையும் நான் எத்தனையோ வருஷம் நடத்தினேன். இதை மட்டும் வகுப்பில் சொன்னதில்லை.

ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆகி, கட்டுப் பிரித்து, புட்டியின் அடிப்பாகம் போலத் தடித்த கண்ணாடி போட்டு வீட்டுக்கு வந்தார். அந்தக் கண்ணாடியோடு கிரேனில் ஏற விடமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும். கடைசிவரை ஏறவில்லை. அந்த வருத்தத்தை நான் எதைக் கொடுத்தும் ஈடு கட்ட முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வந்த முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும், “என் சிலுவய எட்த்துகினு வா” என்றார். பழைய தாளையே வைத்திருந்தேன். ஐந்தாவது குடுவையைக் கலந்தேன். தலையோடு தலை சேர்த்துக் குனிந்தோம். பத்து போனது, பதினொன்று போனது. அவர் நிறுத்தவில்லை. பதின்மூன்று, பதினாலு. பதினைந்து முடிந்ததும் நான்தான் நிமிர்ந்து “போயிடுச்சு” என்றேன்.

அவர் குனிந்தபடியே ஒரு கையை உயர்த்தினார், அவர் தோஸ்து கீழேயிருந்து காட்டுவதுபோல, நில் என்று. பதினாறாவதைத் தொடங்கினார்.

“இல்லமே. இன்னும் கீது. பீடம் தெரியுது.”

பதினேழில்தான் நிமிர்ந்தார். அந்தக் கண்ணாடி எதையும் பெரிதாகக் காட்டும், பெரிய குறி மறைய நேரமாகும். சயின்ஸ் டீச்சருக்கு விடை தெரியும். சொல்லவில்லை.

“வர்ற வாரம் உன்ன கூட்டிகினு போய் கண்ண காட்டணும், டீச்சரம்மா” என்றார்.

சரி என்றேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. கந்தக நெடி என்று சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத்தான் இப்போது எல்லாம் தெரிகிறதே.